நாய்க்கு வைத்திய உதவி கேட்கிறீர்களா? முதல் ராத்திரி பில்லோடு நிறுத்தாதீர்கள்

நாய்க்குப் போய்ப் பணம் கேட்பதா என்று தயங்கியே பல வீடுகளில் நேரம் போய்விடுகிறது. கேளுங்கள். தோட்டத்து லயத்து வரிசை வீட்டு வாசலில் வருஷக்கணக்காகக் காவல் கிடந்த உயிருக்காகக் கேட்பதில் எந்த வெட்கமும் இல்லை. ஆனால் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்து வாட்சப் குழுக்களில் வரும் வேண்டுகோள்களில் சுருண்டு கிடக்கும் நாயின் படமும் ஒரு கணக்கு எண்ணும்தான் இருக்கின்றன. என்ன நோய், எத்தனை நாள் வைத்தியம், மொத்தம் எவ்வளவு என்று ஒரு வரி இருக்காது. கொடுக்க மனமுள்ளவரும் கடந்து போய்விடுகிறார்.

எலி மருந்தையே எடுத்துக்கொள்வோம். செம்பனை மரத்தடியில் வைக்கும் மெழுகுக் கட்டியை நாய் நேராகத் தின்னும், இல்லையென்றால் அதைத் தின்ற எலியைத் தின்னும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, வாலாட்டிக்கொண்டு சோறு சாப்பிடும். இரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே வேண்டும். அதை உடம்பு மறுபடி பயன்படுத்த முடியாமல் இந்த மருந்து தடுத்துவிடும். உள்ளே இருப்பது தீர்ந்து, மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் வாக்கில்தான் நாய் சோரும், இருமும், மூட்டு வீங்கும், மூக்கில் இரத்தம் வரும். நெஞ்சுக்குள் கசிந்தால் மூச்சு வாங்கும். மேல் உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். ஈறு கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், அந்த ராத்திரியே ஈப்போ நகரத்துக் கிளினிக்குக்குக் கிளம்புங்கள்.

தின்றதைக் கண்ணால் பார்த்தீர்களானால் இரண்டு மணி நேரத்துக்குள் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். டாக்டர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பார். பின்னால் இரத்தம் ஏற்றும் செலவோடு பார்த்தால் இது சின்னத் தொகை. வீட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், அந்த உப்பே நாயைக் கொல்லும். பனடோல் போன்ற வலி மாத்திரையும் வேண்டாம். கட்டியின் உறையையோ மீதித் துண்டையோ எடுத்துச் செல்லுங்கள். கிடைக்காவிட்டால் தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் மருந்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், வைத்தியம் எத்தனை நாள் என்பது அந்தப் பெயரைப் பொறுத்தது. கட்டி வைக்கும் நாளை லயத்தில் முன்கூட்டியே அறிவிக்கச் சொல்லி நிர்வாகத்தைக் கேட்பதிலும் தப்பே இல்லை.

கிளினிக்கில் முன்பணம் கேட்பார்கள். உத்தேசச் செலவைக் குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். "டாக்டர், இன்றைக்குக் கட்டாயம் செய்ய வேண்டியது எது, நாளைவரை பொறுக்கக்கூடியது எது?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். இரத்தம் ஏற்றச் சொன்னால் பணத்தோடு இன்னொரு நாயும் தேவைப்படும். 25 கிலோவுக்கு மேல் எடை, தடுப்பூசி போட்டது, உண்ணிக் காய்ச்சல் இல்லாதது. நம் பக்கம் உண்ணி அதிகம் என்பதால் ஒன்றுக்கு இரண்டு மூன்று நாய்களைத் தேடி வையுங்கள். இதையும் வேண்டுகோளில் எழுதுங்கள், பத்து வெள்ளி கொடுக்க முடியாதவர் நாயை அழைத்து வருவார்.

பெரும்பாலோர் கணக்கில் விடுவது மாத்திரையை. தோட்டங்களில் வைக்கும் வீரியமான எலி மருந்துகளுக்கு மாற்றாக வைட்டமின் கே1 மாத்திரை நான்கு வாரம்வரை வேண்டியிருக்கும். கடையில் கிடைக்கும் வைட்டமின் கே3 இதற்கு உதவாது. கொஞ்சம் கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். கடைசி மாத்திரை கொடுத்து 48 முதல் 72 மணி நேரத்துக்குள் இரத்தம் உறையும் சோதனை செய்ய வேண்டும். நடப்பது என்ன? ஐந்தாம் நாள் நாய் எழுந்து நிற்கிறது, பணமும் தீர்ந்துவிட்டது, மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். எலி மருந்தோ ஈரலில் இன்னும் தங்கியிருக்கிறது. சில நாளில் மறுபடி இரத்தம் கசிகிறது. அப்போது இன்னொரு பில், இன்னொரு வேண்டுகோள். முதல் தடவை கொடுத்தவர்களிடமே திரும்பக் கேட்க வேண்டிய நிலை. அதனால் முதல் நாளே கடைசிச் சோதனைவரை கூட்டிக் கேளுங்கள்: "எலி மருந்து. மூன்று நாள் கிளினிக்கில், நான்கு வாரம் மாத்திரை, பிறகு ஒரு சோதனை. மொத்தம் இவ்வளவு, நாங்கள் போட்டது இவ்வளவு, குறைவது இவ்வளவு."

முடிந்தவரை கிளினிக்கின் கணக்கையே கொடுங்கள், நாயின் பெயரைக் குறிப்பில் போடச் சொல்லுங்கள். படத்தைத் திருடி வேறு கியூஆர் ஒட்டிப் பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் போகுமுன் பெறுபவரின் பெயர் கைப்பேசித் திரையில் வரும், எந்தப் பெயர் வர வேண்டும் என்பதை எழுதிவிடுங்கள். பில் படத்தில் ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் வீட்டு முகவரியையும் மறையுங்கள். தேதி போடுங்கள். தொகை சேர்ந்ததும் அதே பதிவின் மேலே "போதும்" என்று திருத்துங்கள், இல்லையென்றால் ஆறு மாதம் கழித்தும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். மிஞ்சினால் எந்த நாய்க்குப் போகும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

நாய் இறந்துவிட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். கிளினிக்கில் பாக்கி இருந்தால் அதையும் எழுதுங்கள். செத்த நாய்க்குப் பணம் கேட்பதா என்று ஒளிக்க வேண்டாம். அது பிழைக்க வேண்டும் என்றுதான் ஊர் கொடுத்தது, அந்தப் பாக்கியையும் ஊரிடமே கேட்கலாம்.