விளக்கு வளையத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

பழைய பிஎம்டபிள்யூ எம்5 கார் (ஈ39 என்ற தலைமுறை) வாங்குவதானால், 2001 மாடலில் தோற்றத்தை மாற்றிய பிறகு வந்ததுதான் சரி என்று ஒரு கட்டுரை முடிக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அந்த மாற்றத்தில் வந்தது முகப்பு விளக்கில் ஒளிரும் வளையங்கள், புதிய பின்விளக்கு, வேறு ஸ்டீயரிங் வீல், அகலமான நேவிகேஷன் திரை. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் காரின் உயிர் எஞ்சினில் இருக்கிறது. 4.9 லிட்டர், எட்டு சிலிண்டர், 400 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல். 1998-இல் வந்த முதல் காரிலும் இதேதான், 2003-இல் முடிந்த கடைசிக் காரிலும் இதேதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆர்பிஎம் மீட்டர், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் மீட்டர். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் மீட்டரின் விளிம்பில் சின்னச் சின்ன ஆரஞ்சு விளக்குகள் வரிசையாக எரியும். ஆயில் சூடாக ஆக அவை ஒவ்வொன்றாக அணைந்து, எச்சரிக்கை தொடங்கும் இடம் 7000 பக்கம் நகரும். அதுவரை மிதிக்காதே என்று காரே சொல்கிற மாதிரி. முந்தைய ஓனர் அதை மதித்தாரா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அதனால் ஆயில் மாற்றிய ரசீதுகளை முதலில் பாருங்கள். அப்புறம், குளிர்ந்த எஞ்சினை உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லி, முன்பக்கம் வேனோஸ் (வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் பாகம்) கடகடக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். நன்றாகப் பராமரித்த 1999 கார், ரசீதே இல்லாத 2002 காரைவிட எவ்வளவோ மேல்.