ஆபீஸ் நேரமும் மண்ணின் பதமும்

வேலைக்குப் போய்க்கொண்டே மண்பாண்டம் பழக ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்களைக் கேட்டால் பெரும்பாலும் "நேரம் கிடைக்கல" என்பார்கள். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. ஓரளவு கை பழகியவருக்கு ஒரு கோப்பைக்குக் கை படும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரத்தைத் தாண்டாது. சிக்கல் என்னவென்றால், அந்த ஒரு மணி நேரம் இரண்டு மூன்று வாரங்களில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. பிசைவது, வனைவது, அடியைச் சீவுவது, கைப்பிடி ஒட்டுவது, முதல் சூட்டுக்கு அடுக்குவது, கிளேஸ் (சுட்டால் கண்ணாடிபோல உருகிப் படியும் மேற்பூச்சு) பூசுவது, மறுபடி சுடுவது, கடைசியில் அடியைத் தேய்ப்பது. முதல் சூடு வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் மண் ஒரு குறிப்பிட்ட பதத்தில் இருந்தாக வேண்டும். அந்தப் பதம் செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு வந்தால் நீங்கள் மீட்டிங்கில் இருப்பீர்கள். மாலை வந்து பார்க்கும்போது விளிம்பு வெளுத்து, கைப்பிடி ஒட்ட முடியாத நிலைக்குப் போயிருக்கும். இப்படி நாலு முறை நடந்தால் யாருக்கும் அலுத்துவிடும்.

அதனால் வேலைக்குப் போகிறவர்கள் சக்கரத்தில் உட்காரும் முன்பே ஈரத்தை நிறுத்திவைக்கப் பழக வேண்டும் என்பது என் கருத்து. வகுப்புகளில் இதைக் கடைசியில்தான் சொல்லித்தருகிறார்கள், சில இடங்களில் சொல்வதே இல்லை.

இதற்கு ஒரு ஈரப்பெட்டி போதும். மூடி இறுக்கமாகப் பொருந்தும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்து, அடியில் 2 முதல் 3 செ.மீ. உயரத்துக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றுங்கள். எடைக்கணக்கில் 100 பங்கு பிளாஸ்டருக்கு 70 பங்கு தண்ணீர். தண்ணீரில்தான் பிளாஸ்டரைத் தூவ வேண்டும், பிளாஸ்டரில் தண்ணீரை ஊற்றினால் கட்டி கட்டும். ஓரிரு நிமிடம் ஊறவிட்டு, குமிழி எழாமல் கலக்கி ஊற்றுங்கள். இறுகிய பிறகு, அது இனி குடிக்காது என்ற அளவுக்குத் தண்ணீர் விட்டு, மேலே தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். இந்தப் பெட்டிக்குள் வைத்த பாத்திரம் வைத்த பதத்திலேயே வாரக்கணக்கில் இருக்கும். சனிக்கிழமை வனைந்ததை அடுத்த சனிக்கிழமை சீவலாம். பூஞ்சை வந்தால் வினிகரில் துடைத்தால் போகும். ஒரே ஒரு எச்சரிக்கை: பிளாஸ்டர் துணுக்கு மண்ணில் கலக்கவே கூடாது. சுட்ட பிறகு அது சுண்ணாம்பாகி, காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பி, பாத்திரத்தின் மேல்தோலைத் தெறிக்க வைக்கும். அது சில வாரம் கழித்துகூட நடக்கும். உடைந்த ஓரமுள்ள பிளாஸ்டர் பலகையைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

பெட்டி இருந்தால் வாரத்தைப் பிரிப்பது எளிது. ஈர மண்ணில் செய்யும் பெரிய வேலை விடுமுறை நாளில். வார நாள் மாலைகளில் பிசைந்து உருண்டை எடை போட்டு வைப்பது, கிளேஸ் சலிப்பது, கழிவு மண்ணை மீட்பது, சோதனைத் துண்டு செய்வது போன்ற அரை மணி நேர வேலைகள். உருண்டைகளை முந்தின நாளே பிசைந்து உறைபோட்டு வைத்திருந்தால், சனிக்கிழமை காலை நேராகச் சக்கரத்துக்குப் போகலாம்.

சக்கரத்தைப் பற்றி நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது. வாரத்துக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட, 45 நிமிடம் வீதம் இரண்டு மூன்று முறை உட்காருவது கைக்கு வேகமாகப் பழகும். அதற்கு வழியில்லை என்றால் முதல் சில மாதம் சக்கரமே வேண்டாம், கையால் கட்டுங்கள். கையால் கட்டும் வேலையை எந்த நொடியிலும் நிறுத்திப் பெட்டியில் வைக்கலாம். சக்கரத்தில் பாதி இழுத்த சுவரை அப்படி வைத்துவிட்டுப் போக முடியாது. கையால் செய்வது குழந்தை வேலை, சக்கரம்தான் கலை என்ற நினைப்பு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. உலகத்தின் மிகப் பெரிய தாழிகள் பலவும் மண்ணைத் திரியாக உருட்டிச் சுற்றிக் கட்டியவைதான்.

திரி சுற்றிக் கட்டும்போது ஒரே மூச்சில் 5, 6 செ.மீ.க்கு மேல் ஏற்றாதீர்கள். கீழே உள்ளது இறுகாமல் மேலே எடை ஏறினால் வயிறு தொங்கிவிடும். மேல் விளிம்பை மட்டும் ஈரத்துணியால் மூடி, கீழ்ப்பகுதியைக் காற்றாட விட்டு, மறுநாள் தொடரலாம். தகடாக உருட்டிச் செய்பவர்கள் இருபுறமும் 6 மி.மீ. பட்டிகளை வைத்து உருட்டுங்கள். இடையில் புரட்டிப் போட்டு, இரண்டு பக்கமும் ரப்பர் தகட்டால் அழுத்தி நீவுங்கள். மண் தகட்டை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. வளைந்ததை நீங்கள் நேராக்கிவிடுவீர்கள், கண்ணுக்கும் நேராகத் தெரியும். ஆனால் அதன் துகள்கள் அந்த வளைவிலேயே அடுக்கப்பட்டிருப்பதால் காயும்போதோ சுடும்போதோ திரும்ப வளையும். பலகையோடு நகர்த்துங்கள்.

சக்கரத்துக்கு வருவோம். 400 முதல் 500 கிராம் உருண்டை, ஒரே வடிவம், நேர் உருளை. அது வரும்வரை வேறெதுவும் வேண்டாம். மையம் பிடிக்காததற்கு, அதாவது உருண்டை சக்கரத்தின் நடுவில் தள்ளாடாமல் சுற்றாததற்கு, பெரும்பாலும் மூன்று காரணங்கள்: மண் சரியாகப் பிசையப்படாமல் ஒரு பக்கம் கெட்டி, ஒரு பக்கம் இளக்கம். சக்கரத் தட்டு ஈரமாக இருந்து உருண்டை ஒட்டாமல் நழுவுகிறது. அல்லது முழங்கை காற்றில் மிதக்கிறது. முழங்கையைத் தொடையிலோ இடுப்பிலோ ஊன்றினால் தோள்பட்டை பலம் தேவைப்படாது. நாள் முழுக்கக் கணினி முன் குனிந்த முதுகுக்கு இது முக்கியம். இருக்கையின் உயரம் சக்கரத் தட்டின் உயரத்துக்குச் சமமாக இருக்கட்டும். கையை எடுக்கும்போது மெதுவாக எடுங்கள், சட்டென்று எடுத்தால் பிடித்த மையம் அந்த நொடியே போய்விடும்.

குழி திறந்ததும் அடித்தளம் 8 மி.மீ. இருக்கிறதா என்று ஊசியால் குத்திப் பாருங்கள். பிறகு விரலாலோ மரத்தகட்டாலோ ஓரத்திலிருந்து நடுவுக்கு ஐந்தாறு முறை அழுத்துங்கள். அதோடு உள்ளே தேங்கிய தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள். அடியில் எஸ் வடிவ விரிசல் வருவதற்கு இந்த இரண்டையும் விட்டுவிடுவதுதான் முக்கியமான காரணம். சுவர் இழுக்கும்போது கை ஏறும் வேகம் சக்கரம் சுற்றும் வேகத்தோடு ஒத்துப்போக வேண்டும். கை முந்தினால் சுவர் முறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் தடிக்கும். மூன்று நான்கு இழுப்பில் முடியுங்கள். அதற்கு மேல் போனால் மண் தண்ணீர் குடித்துத் தளர்ந்துவிடும். முதல் சில வாரம் வனைந்த ஒவ்வொன்றையும் கம்பியால் நெடுக்காக அறுத்துப் பாருங்கள். அடி தடித்து, நடு மெலிந்து, எங்கே கை அவசரப்பட்டது என்று அந்த வெட்டு அப்படியே காட்டிவிடும். மனம் வராதுதான். ஆனால் சுமாரான பத்துக் கோப்பைகளைச் சுட்டு அடுக்கி வைப்பதால் யாருக்கும் பயனில்லை. சுடாத மண்ணை மறுபடி பிசையலாம், சுட்டதை முடியாது.

சீவும் பதத்துக்கு அளவு இதுதான்: நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், சுவர் அமுங்கக் கூடாது. சீவல் பென்சில் சீவிய சுருள்போலக் கழன்று விழுந்தால் சரியான பதம். கருவியில் அப்பினால் இன்னும் ஈரம். பொடியாக உதிர்ந்தால் தாமதம், அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது. கைப்பிடியை அதே நாளில் ஒட்டிவிடுங்கள். உடலும் கைப்பிடியும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் கீறல் போட வேண்டும், அதே மண்ணின் கெட்டியான குழம்பு வேண்டும். ஒட்டிய பிறகு கைப்பிடி மெல்லியது என்பதால் முந்திக் காய்ந்து சுருங்கி, ஒட்டிய இடத்தில் விரிசல் விடும். கைப்பிடிக்கு மட்டும் பிளாஸ்டிக் தாள் சுற்றி வைத்தால் இது நிற்கும்.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் ஏமாறுவது இங்கேதான். ஸ்டோன்வேர் மண் (அதிகச் சூட்டில் சுடும் கெட்டியான வகை) ஈரத்திலிருந்து கடைசிச் சூடு வரை சுமார் 12% சுருங்கும் என்று வைத்துக்கொள்வோம் (மண் பையில் உங்கள் மண்ணுக்கான எண் இருக்கும்). இது நீளத்தில் 12%. கொள்ளளவில் மூன்று பக்கமும் சுருங்குவதால் 0.88 × 0.88 × 0.88, அதாவது 68%தான் மிஞ்சும். 300 மி.லி. கோப்பை வேண்டுமென்றால் ஈரத்தில் 440 மி.லி. பிடிக்கும்படி வனைய வேண்டும்.

முழுக்கக் காய்ந்ததா என்பதைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சில்லென்று இருந்தால் உள்ளே தண்ணீர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. இதைவிட நம்பகமானது தராசு: இரண்டு நாள் அடுத்தடுத்து எடை போட்டு ஒரே எடை வந்தால் காய்ந்தது.

தூசியைப் பற்றி யாரும் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். காய்ந்த களிமண் தூளில் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் மூச்சில் போனால் சிலிக்கோசிஸ் வரும், அதைக் குணப்படுத்த முடியாது. துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். காய்ந்த பாத்திரத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், ஈர ஸ்பாஞ்சால் நீவுங்கள். கிளேஸ் பொடி கலக்கும்போது என்-95 முகக்கவசம் கட்டாயம். மண் படிந்த துடைக்கும் துணியை வீட்டுத் துணிகளோடு உதறாதீர்கள். வீட்டில் ஒரு மூலையில் செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அந்தக் காற்றில்தான் வீட்டார் தூங்குகிறார்கள். கை கழுவிய தண்ணீரை வாளியில் தெளியவிட்டு மேல் நீரை மட்டும் ஊற்றுங்கள். அடி மண் குழாயை அடைத்துவிடும், தவிர அது மீட்கக்கூடிய மண். சீவல்களை முழுக்கக் காயவிட்டுப் பிறகு தண்ணீரில் போட்டால் தானாகக் கரையும். அரைகுறை ஈரத்தில் போட்டால் கட்டி கட்டியாகவே நிற்கும்.

கிளேஸுக்கு ஒரு சின்னத் தராசும் அளவுக்குவளையும் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். முக்கிப் பூசும் கிளேஸ் 100 மி.லி. எடுத்தால் 140 முதல் 150 கிராம் இருக்க வேண்டும். முதல் சூடு முடிந்த பாத்திரத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, கையில் எண்ணெய்ப் பசை இல்லாமல் பிடித்து, இரண்டு மூன்று நொடி முக்கி எடுங்கள். தூசியோ பசையோ இருந்த இடத்தில் கிளேஸ் உருகும்போது ஒதுங்கி மண் தெரியும். அடியிலிருந்து குறைந்தது 3 மி.மீ. வரை துடைத்துவிடுங்கள், ஓடும் கிளேஸ் என்றால் 1 செ.மீ. இல்லாவிட்டால் பாத்திரம் சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பலகை பெரும்பாலும் இன்னொருவருடையது! சாப்பிடவோ குடிக்கவோ செய்வதென்றால் உள்பக்கத்துக்கு, சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு என்று சோதித்துச் சான்று கொடுத்த கிளேஸ் மட்டும். வினிகரில் 24 மணி நேரம் வைத்து நிறம் மாறினால் அதை உணவுக்குப் பயன்படுத்தவே கூடாது. மாறாவிட்டாலும் அது பாதுகாப்பானது என்று நிரூபணம் ஆகிவிடாது, ஆய்வகச் சோதனைதான் அதைச் சொல்லும்.

சூளை வாங்க அவசரப்படாதீர்கள். வாடகைச் சூளையில் சுடும்போது உங்கள் மண் எந்தச் சூட்டுக்கானது என்று எழுதிக் கொடுங்கள். 1060 டிகிரியில் சுட வேண்டிய செம்மண் பாத்திரத்தை 1220 டிகிரிச் சூளையில் வைத்தால் அது உப்பி, உருகி, பக்கத்தில் இருப்பவர்களின் உழைப்பையும் கெடுக்கும். டிகிரியை மட்டும் நம்பாமல் கோன் எண்ணையும் (சூளைக்குள் வைக்கும், சூட்டில் வளையும் சிறு கூம்பின் எண்) சொல்லுங்கள். ஜெர்மனியில் ஹெர்மன் சேகர் 1886இலும், அமெரிக்காவில் எட்வர்ட் ஆர்ட்டன் 1896இலும் இந்தக் கூம்புகளைக் கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. மண் முதிர்வது எவ்வளவு சூடு என்பதால் மட்டுமல்ல, எவ்வளவு நேரம் சூடு என்பதாலும்தான். கூம்பு வளைவது இரண்டையும் சேர்த்துக் காட்டும்.

சொந்தச் சூளை இருப்பவர்கள் வேலை நாளில் போட்டுவிட்டு ஆபீஸ் போகாதீர்கள். கட்டுப்பாட்டுக் கருவியின் ரிலே (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டால் சூடு நிற்காமல் ஏறும், பார்க்க ஆள் வேண்டும். வெள்ளி இரவு 80, 90 டிகிரியில் மூடியைச் சற்றுத் திறந்து வைத்து ஈரத்தைப் போக்குங்கள். 100 டிகிரியைத் தாண்டும்போது உள்ளே தண்ணீர் இருந்தால் அது நீராவியாகிப் பாத்திரத்தை வெடிக்க வைக்கும். சனி காலையிலிருந்து 600 டிகிரி வரை மணிக்கு 100 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம், பிறகு வேகம் கூட்டலாம். உச்சச் சூடு நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் வரும். மண்ணில் உள்ள கரிமப் பொருள் எரிந்து புகை வரும் என்பதால் ஜன்னல் திறந்திருக்கட்டும், படுக்கையறைப் பக்கம் சூளையே வேண்டாம். குளிர்வதற்கு ஞாயிறு முழுவதையும் விட்டுவிடுங்கள். மண்ணில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் 573 டிகிரியைக் கடக்கும்போது சட்டென்று சுருங்கும், அந்த நேரத்தில் குளிர்காற்று பட்டால் விரிசல்தான். ஞாயிறு இரவு மீட்டர் 180 காட்டும், லேசாகத் திறந்து பார்த்தால் என்ன என்று தோன்றும். 100க்குக் கீழே இறங்கும்வரை திறக்காதீர்கள். திங்கள் மாலை வந்து எடுத்துக்கொள்ளலாம்.