மாவாட்டத்தான் போறேன், அதுக்கென்ன?

அந்த வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன், போதும். என்ன நடந்தது என்று நான் மறுபடி விளக்கப் போவதில்லை. தொழில் தொடங்க நினைக்கிறவர்களுக்கான கூட்டத்தில் இன்ஜினியரிங் படித்த அந்தப் பிள்ளை மைக்கைப் பிடித்து, "இட்லி மாவுக் கடை வைக்கலாம்னு இருக்கேன் சார்" என்று சொன்னதும் மேடையில் இருந்தவர் கேட்டாரே, "இதுல யூனிக்கா என்ன இருக்கு? மாவாட்டுறதுக்கா அப்பா அம்மா இன்ஜினியரிங் படிக்க வச்சாங்க?" என்று. அதற்கு அரங்கமே கைதட்டியதே. அந்தக் கைதட்டல்தான் ராத்திரி முழுக்கக் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், நான் தேனி மாவட்டம் கம்பம் ஊரில் மாவாட்டி விற்கிறவள். 2014இலிருந்து. நம் ஊரில் யாரையாவது மட்டம் தட்ட வேண்டுமென்றால் "போய் மாவாட்டு" என்போம். நான் போய் ஆட்டினேன். அவ்வளவுதான் என் கதை.

கடை வைக்கப் புது யோசனை எதற்கு? எனக்கு இது மட்டும் புரியவே இல்லை. தினமும் விடியுமுன்னே எங்கள் ஊரிலிருந்து பெண்கள் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் மலை மேலே கேரளாவின் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். திரும்பி வர இருட்டிவிடுகிறது. இறங்கும்போது இடுப்பு விட்டுப்போயிருக்கும், கையில் தூக்குவாளி, வீட்டில் பசியோடு பிள்ளைகள். உளுந்து ஊறப்போட்டு ஆட்ட அவர்களுக்கு ஏது நேரம்? ஆறரை மணிக்கு ஜீப் நிற்கிற இடத்தில் மாவு கிடைக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சியா செய்ய வேண்டும்? எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலே தெரியும். முதல் நாள் பதினொரு பாக்கெட் போனது. மீதி மாவில் ஒரு வாரத்துக்கு எங்கள் வீட்டில் ஊத்தப்பம்.

'இதில் என்ன திறமை இருக்கிறது' என்று கேட்பவர்கள் ஒரு நாள் வந்து நில்லுங்கள். உளுந்தை ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்ட வேண்டும். கிரைண்டர் கல் சூடேறினால் மாவு பொங்காது. ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், முங்கினால் இன்னும் ஓட்ட வேண்டும். உப்பைக் கரண்டியால் கலக்காமல் கையால்தான் கலக்குவேன். மார்கழிக் குளிரில் மாவு அசையவே அசையாது, விடிய விடியக் கோணிச்சாக்கு போர்த்தி வைப்பேன், கைக்குழந்தையைப் போல. மெட்டுக்கு மேலே இன்னும் குளிர். அங்கே இருக்கிறவர்கள் வந்தால், "அக்கா, பொங்குன மாவாத் தாங்க, எங்க வீட்ல வச்சா அப்படியே கெடக்கு" என்பார்கள். அதனால் இன்று ஆட்டியது, நேற்று ஆட்டியது என்று இரண்டு தூக்கு தனித்தனியாக வைத்திருக்கிறேன். மேடைக்காரர் கேட்ட 'யூனிக்' இதில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இரண்டு தூக்கும் தினமும் காலியாகிறது.

2016இல் சிறு தொழிலுக்கு பேங்கில் தருகிற முத்ரா கடனுக்குப் போனேன், ஐம்பதாயிரத்துக்குள் தருகிற சிசு பிரிவில். என்ன தொழில், என்ன வாங்கப் போகிறாய், மாதம் எவ்வளவு வரும் என்றுதான் கேட்டார்கள். உலகத்தில் இதை வேறு யாரும் செய்கிறார்களா என்று யாரும் கேட்கவில்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு வருடம் 100 ரூபாய் கட்டினேன், அங்கேயும் கேட்கவில்லை. மேடையில் இருக்கிறவர்கள் மட்டும்தான் கேட்கிறார்கள்.

உடனே ஒருவர் வருவார், 'பாக்கெட் மாவு விற்கிற iD நிறுவனத்தைப் பாருங்கள், யோசித்ததால்தானே வளர்ந்தார்கள்' என்று. பார்த்தேன் சாமி. வயநாட்டுக்காரர் முஸ்தபா, உறவுக்காரப் பையன்களோடு 2005இல் பெங்களூரில் ஒரு சின்ன அறையில் தொடங்கியது. அதற்கு முன்பே பெட்டிக்கடைகளில் ரப்பர் பேண்டு போட்ட மாவுப் பை விற்றுக்கொண்டுதான் இருந்தது. இவர்கள் சுத்தமாகக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். சரி, அவ்வளவுதான் இல்லை, நிறைய உழைத்திருப்பார்கள். ஆனால் மாவு மாவுதானே?

'எல்லோரும் மாவுக்கடை வைத்தால் யார் வாங்குவது?' இது நியாயமான கேள்வி. பதிலும் வைத்திருந்தேன், எங்கள் தெருவில் ஆறு டீக்கடை இருக்கிறது, ஆறும் ஓடுகிறது என்று. ஆனால் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் முன்பு எனக்கு எதிர்ச்சாரியில் ஒருவர் இதே கடையைப் போட்டார். அதே பாக்கெட், கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைவு. ஒரு மாதம் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. 'என் ஐடியாவைத் திருடிட்டான்' என்று வீட்டில் கத்தினேன். "எது உன் ஐடியா, இட்லியா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு போடவில்லை. எதிர்க்கடை இப்போதும் இருக்கிறது, நானும் இருக்கிறேன். இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

'ஒரு ஜோக்குக்கு இவ்வளவு கோபமா?' என்றும் கேட்பீர்கள். ஆமாம், இவ்வளவுதான். போன வைகாசியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். என் கொழுந்தன் அவனுடைய பெங்களூர் நண்பர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தினான். "எங்க மதினி. வீட்லதான் இருக்காங்க, பொழுதுபோக்குக்குக் கொஞ்சம் மாவு ஆட்டித் தர்றாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னான், பாசக்காரப் பையன், கெட்டவன் இல்லை. ஆனால் அவனுடைய காலேஜ் கடைசி வருடப் பீஸ் எந்த டப்பாவிலிருந்து போனது என்று அவனுக்குத் தெரியும். 2020இல் கொரோனாவில் கேரள பார்டரை மூடி, ஜீப்பெல்லாம் நின்று, வியாபாரம் படுத்துக் கிடந்தபோதும் அந்த டப்பாவிலிருந்துதான் வீட்டுக்கு அரிசி வந்தது. பொழுதுபோக்காம். பன்னிரண்டு வருடம் உளுந்து கழுவிய கையை ஒரு நாள் வந்து பாருடா, விரலிடுக்கெல்லாம் புண். நீ இதைப் படிப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

எங்கேயோ தொடங்கி எங்கேயோ வந்துவிட்டேன். பரவாயில்லை, அழிக்கப் போவதில்லை.

அந்தப் பிள்ளையைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். என்னுடைய பழைய பத்து லிட்டர் கிரைண்டர் சும்மாதான் கிடக்கிறது. போன மாதம்தான் கல் கொத்தி வைத்தேன், பெல்ட் மட்டும் மாற்ற வேண்டும். காசு வேண்டாம், வண்டி வைத்து எடுத்துக்கொள்ளட்டும். தேனியில் வை, பெரியகுளத்தில் வை, எங்கே வேண்டுமானாலும் வை தாயி. கம்பத்தில் மட்டும் வேண்டாம்.