போக்குக் காட்ட மறுத்தவன்

பள்ளிக்கூட விளையாட்டை வைத்து எழுதும் இளையோர் நாவல்கள் எனக்கு அவ்வளவாக ஒத்துவருவதில்லை. இரண்டு நண்பர்கள், நடுவில் ஒரு மனஸ்தாபம், கடைசியில் ஒரு ஃபைனல். மணி அடிக்க இரண்டு நொடி இருக்கும்போது ஒருவன் இன்னொருவனுக்குப் பாஸ் போடுவான், பந்து வளையத்துக்குள் விழும், மனஸ்தாபம் தீர்ந்துவிடும். பதினாலு பதினைந்து வயதில் ஒரு நட்பைத் தொலைத்தவர் யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

புரூஸ் புரூக்ஸ் எழுதிய ‘தி மூவ்ஸ் மேக் தி மேன்’ அந்த ரகம் இல்லை. 1984இல் வந்தது, அவருடைய முதல் நாவல், அடுத்த வருடமே, அமெரிக்காவில் சிறுவர் இலக்கியத்துக்குத் தரும் நியூபெரி ஆனர் என்ற கௌரவத்தை வாங்கியது. கூடைப்பந்து நாவல்தான். இதிலும் ஒரு பெரிய ஆட்டம் வருகிறது, ஜெயிக்க வேண்டிய பையன் ஜெயிக்கிறான். ஆனால் அந்த ஜெயிப்புக்கு அப்புறம்தான் எல்லாம் கெட்டுப்போகிறது.

கதை நடப்பது அமெரிக்காவின் வட கரோலினாவில், வில்மிங்டன் என்ற ஊரில். (கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டன் வளர்ந்த அதே ஊர். அவர் சிகாகோ புல்ஸ் அணிக்குத் தேர்வானதும் 1984இல்தான். தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) காலம் 1960ஐ ஒட்டியது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பள்ளி என்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954லேயே சொல்லியாயிற்று. வட கரோலினா நேரடியாக முறைத்துக்கொள்ளவில்லை, கணக்குக் காட்டியது. 1957இல் சார்லட், கிரீன்ஸ்பரோ, வின்ஸ்டன்-சேலம் ஆகிய மூன்று நகரங்களிலும் வெள்ளையர் பள்ளிகளில் சேர்க்கப்பட்ட கறுப்பினப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாவலில் வரும் ஜெரோம் ஃபாக்ஸ்வர்தி அப்படி ஒரு ‘கணக்கு’. அந்தப் பள்ளியில் அவன் ஒருவன்தான் கறுப்புப் பையன். கூடைப்பந்தில் சூரன். அணியில் சேர மைதானத்துக்குப் போகிறான். ஆட்டத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் கோச் அவனைச் சேர்ப்பதில்லை. அதற்குப் பிறகு ஊருக்கு ஒதுக்குப்புறமாக, மரங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு மைதானத்தில் ஒரு ரயில்வே லாந்தரை வைத்துக்கொண்டு ராத்திரியில் தனியாக ஆடுகிறான். அந்த லாந்தர் வெளிச்சப் பக்கங்கள் ஒவ்வொன்றும் அருமை.

பிக்ஸ் ரிவர்ஸ் வெள்ளைக்காரப் பையன், பேஸ்பால் ஆடுபவன். இருவரும் நெருங்குவது மைதானத்தில் இல்லை, சமையல் வகுப்பில். ஜெரோமின் அம்மா லிஃப்ட் விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் கிடக்கிறார், வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு ஆக வேண்டும், அதனால் அவன் சமையல் படிக்க வருகிறான். அங்கே ஒருநாள் ஆப்பிளே போடாமல் ‘ஆப்பிள் பை’ செய்கிறார்கள். உப்பு பிஸ்கட், சர்க்கரைப் பாகு, எலுமிச்சை, பட்டை போட்டுச் செய்வது. கையில் காசில்லாத காலத்தில் அமெரிக்க வீடுகளில் புழங்கிய சமாளிப்பு. வாயில் வைத்தால் ஆப்பிள் மாதிரியே இருக்குமாம். மற்றவர்களுக்கு அது வேடிக்கை. பிக்ஸ் வெடிக்கிறான். இது பொய், எப்படி இதைச் சாப்பிடுவது என்கிறான். ஒரு பலகாரத்துக்கு இவ்வளவு ஆத்திரமா என்று தோன்றும். அவனுடைய அம்மா மனம் பிறழ்ந்து மருத்துவமனையில் இருப்பதும், மாற்றாந்தகப்பன் அவனை அங்கே கூட்டிப்போகாததும் தெரிந்த பிறகு அந்த ஆத்திரத்தின் கணக்கே வேறாகிவிடுகிறது.

ஜெரோம் அவனுக்குக் கூடைப்பந்து கற்றுக்கொடுக்கிறான். பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுவது, ஷாட், எல்லாம் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறான். ஒன்றே ஒன்றுதான் மாட்டேன் என்கிறான். போக்குக் காட்ட மாட்டேன்.

ஆடியவர்களுக்குத் தெரியும், கூடைப்பந்தில் அது இல்லாமல் ஒன்றுமே இல்லை. தோளை வலப்பக்கம் சாய்த்துவிட்டு இடப்பக்கம் போவது, ஷாட் போடுகிற மாதிரி பந்தைத் தூக்கி எதிராளியைக் குதிக்கவைத்துவிட்டு அவன் கீழே வருவதற்குள் தாண்டிப்போவது. எங்கள் பி.டி. சார் தடுப்பாட்டம் சொல்லிக்கொடுக்கும்போது, “பந்தைப் பாக்காத, கண்ணைப் பாக்காத, இடுப்பைப் பாருடா” என்பார். கண்ணும் கையும் தோளும் பொய் சொல்லும், இடுப்பு போகிற பக்கம்தான் ஆள் போயாக வேண்டும். பிக்ஸுக்கு உடம்பு முழுக்கவே இடுப்பு. போகிற பக்கத்தைத்தான் காட்டுவேன், காட்டுகிற பக்கம்தான் போவேன் என்கிறான்.

நானும் பத்தாம் வகுப்பு வரை ஆடினேன். சிமெண்ட் தரை, வலை இல்லாத வளையம், இரண்டு நல்ல பந்து. கூடவே ஆடிய நண்பன் என்னைவிடத் திறமைக்காரன். ஒரு வருடம் மண்டல அணிக்கு என்னை எடுத்தார்கள், உயரத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன், அவனை எடுக்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் வைத்து அவனிடம், “எனக்கு இதுல இஷ்டமே இல்லடா, வீட்ல சொல்றாங்கன்னுதான் போறேன்” என்றேன். ஆறுதலாக இருக்கட்டுமே என்றுதான். அவன் சிரித்தான். “எங்கிட்டயே போக்குக் காட்டுறியா?” என்று கேட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். சண்டை ஒன்றும் இல்லை. அதற்கப்புறமும் பேசினோம், ஹோம்வொர்க் வாங்கிக்கொண்டோம். ஆனால் சேர்ந்து ஆடவில்லை.

இந்த நாவல் என்னை இவ்வளவு பிடித்துக்கொண்டதற்கு அந்த சைக்கிள் ஸ்டாண்டுதான் காரணம், மறைக்கவில்லை. ஆனால் என் கருத்து அதைத் தாண்டியது. படிப்பவர்கள் பெரும்பாலும் பிக்ஸைத்தான் கோளாறு பிடித்தவனாகப் பார்ப்பார்கள். ஜெரோமுக்குப் போக்குக் காட்டுவது வெறும் ஆட்டம் இல்லை. தெருவில், பள்ளியில், கோச்சின் முன்னால் எல்லாம் ஒரு முகத்தைக் காட்டிவிட்டு இன்னொரு பக்கம் போகத் தெரியாவிட்டால் அந்த ஊரில் ஒரு கறுப்புப் பையனால் ஒருநாளைத் தள்ள முடியாது. அவன் தன் பிழைப்பு வித்தையையே நண்பனுக்குக் கொடுக்கிறான். மறுக்கப்பட்டால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய நொடியிலேயே நட்பில் ஒருவன் ஒரு படி மேலே ஏறிவிடுகிறான். ஜெரோம் அந்தப் படியிலிருந்து இறங்கவே இல்லை. நண்பனுக்கு என்ன தேவை என்று அவனைவிடத் தனக்குத் தெரியும் என்று நினைக்கிறான். முறிவு அங்கே தொடங்குகிறது என்பது என் வாசிப்பு.

அப்புறம் அந்தப் பெரிய ஆட்டம். பிக்ஸும் மாற்றாந்தகப்பனும் ஒண்டிக்கு ஒண்டி. பையன் ஜெயித்தால் அம்மாவைப் பார்க்கக் கூட்டிப்போக வேண்டும், அதுதான் பந்தயம். தோற்கிற நிலைமை வந்ததும் பிக்ஸ் முதல்முறையாகப் போக்குக் காட்டுகிறான். காட்டி ஜெயிக்கிறான். வேறு யாராவது எழுதியிருந்தால் அங்கே கைதட்டல் வந்திருக்கும். எனக்கு அந்த இடத்தில் வயிற்றைப் பிசைந்தது. மருத்துவமனையில் நடப்பதைச் சொல்ல மாட்டேன். அங்கே பிக்ஸ் காட்டும் போக்கு கூடைப்பந்தில் இல்லாதது என்பது மட்டும் போதும்.

குறைகளும் உண்டு. புரூக்ஸ் வெள்ளையர், கதை முழுக்க ஒரு கறுப்புப் பையனின் வாய்மொழி. இன்று ஒரு பதிப்பாளர் ரொம்பவே யோசிப்பார். மொழி துள்ளுகிறது, சிரிக்கவைக்கிறது, ஆனால் சில இடங்களில் பதிமூன்று வயதுப் பையன் பேசுகிற மாதிரி இல்லை, முப்பது வயது எழுத்தாளர் குனிந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. அம்மாவின் நோயை விளக்கும் இடங்களும் கொஞ்சம் அவசரம். முதல் பாதி மெதுவாகத்தான் நகரும்.

அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு, பள்ளி அணியில் ஆடுகிறான். போன மாதம் என் பிரதியைக் கொடுத்தேன். அவனுக்கும் பக்கத்துத் தெருப் பையனுக்கும் ஏதோ பேச்சுவார்த்தை இல்லை என்று அக்கா சொன்னாள், அதற்காகக் கொடுத்தேன் என்று அவனிடம் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டான்.

“மாமா, அறுபது பக்கம் ஆச்சு. மேட்ச் எப்ப வரும்?”

“வரும்டா. படி.”

“அவங்க ரெண்டு பேரும் சேந்துருவாங்களா?”

நான் பதில் சொல்வதற்குள், “சரி வேணாம், சொல்லிராதீங்க” என்று வைத்துவிட்டான்.