உயரம் மட்டுமா காரணம்?
செனகல் கூடைப்பந்து வீரர் கோர்கி ஜெங், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ. வரை போனதற்கு ‘ஏழடியைத் தொடும் உயரமே’ காரணம் என்று அவரைப் பற்றிய இந்தக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிடுகிறது. நானும் பள்ளிக் கூடைப்பந்து அணியில் உயரத்துக்காகவே சேர்க்கப்பட்டவன். பந்து கைக்கு வந்ததும் யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் விழித்து நின்றவன். அதனால்தான் சொல்கிறேன், உயரம் மட்டும் போதாது. 2013 அமெரிக்கக் கல்லூரி இறுதிப் போட்டியில் அவருடைய லூயிவில் பல்கலைக்கழக அணி மிச்சிகனை 82-76 என்று வென்றபோது ஜெங் போட்டது 8 புள்ளிகள்தான். ஆனால் சக வீரர்களின் கூடைகளுக்கு வழிவகுத்த பாஸ்கள் 6. (விதிமீறல் புகாரில் 2018இல் அந்தப் பட்டம் பறிபோனது வேறு கதை.) ஃப்ரீ த்ரோ கோட்டருகே பந்தை வாங்கித் தலைக்கு மேல் பிடித்தபடி, கூடையை நோக்கி வெட்டி ஓடுபவனுக்காக ஒரு கணம் காத்திருப்பார் பாருங்கள், அந்தப் பொறுமை உயரத்தோடு வருவதில்லை. 2014 உலகக் கோப்பையில் செனகல் குரோஷியாவை 77-75 என்று சாய்த்தபோது அவரே 27 புள்ளிகள் எடுத்தார். 2016இல் என்.பி.ஏ. அணியான மினசோட்டாவுடன் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு ஜெங் சுணங்கிவிட்டார் என்று மேலே பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த 2016-17 பருவத்தின் 82 ஆட்டங்களையும் மினசோட்டாவுக்காகத் தொடக்க ஐவரில் ஒருவராக ஆடினார். மறு ஆண்டு டாஜ் கிப்சன் என்ற வீரர் அணிக்கு வந்ததும் ஜெங் மாற்று வீரராகப் பெஞ்சுக்குப் போனார். ஆடும் நேரம் ஏறக்குறையப் பாதியானால் புள்ளிகள் எங்கிருந்து வரும்?