காலத்தை முந்தி வந்த படங்கள் என்று அவற்றைச் சொல்ல வேண்டாம்

ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் நெருங்கும்போது 'அன்பே சிவம்' படத்தைப் பற்றிய பதிவுகள் முகநூலில் வரத் தொடங்கிவிடும். படத்தில் ஓர் உரையாடலில் சுனாமி என்ற சொல் வருவதை எடுத்துப் போட்டு, 2004 டிசம்பரில் கடல் பொங்குவதற்கு முன்பே கமல்ஹாசன் இதைச் சொல்லிவிட்டார் என்று வியப்பார்கள். அதன் கீழே பலரும் ஒரே வரியைத்தான் எழுதுவார்கள்: "காலத்தை முந்திய படம், அப்போது யாருக்கும் புரியவில்லை." அந்தப் படத்தை நேசிப்பவர்கள்தான் இப்படி எழுதுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த வரியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 2003-இல் அந்தப் படம் எங்கள் ஊர்த் திரையரங்கில் ஓடியபோது நான் அங்கே இருந்தேன். படம் புரியாமல் எழுந்து போன ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. பார்க்க வந்தவர்களே குறைவு என்பதுதான் நடந்தது.

எங்கள் ஊர் தஞ்சை மாவட்டத்தில் நடுத்தரமான ஓர் ஊர். என் தாய்மாமா அங்கே ஒரு திரையரங்கில் ஆபரேட்டராக இருந்தார். நான் அப்போது கல்லூரி மாணவன். படம் வந்த இரண்டாவது வாரம், ஒரு வேலை நாளின் மாலைக் காட்சிக்குப் போனேன். கீழே பெஞ்சிலும் மேலே பால்கனியிலுமாகச் சேர்த்து முப்பது பேர் இருந்திருப்போம். எனக்கு முன்வரிசையில் கழுத்தில் துண்டு போட்ட ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்திருந்தார். இடைவேளை வரை அவர் நாற்காலியில் காலை மடக்கி வைத்துக்கொண்டு அசையாமல் பார்த்தார். ரயில் விபத்துக்குப் பிறகு, மாதவனின் ரத்தத்தை ஏற்றியும் பிழைக்காமல் அந்தச் சிறுவன் ஆம்புலன்சில் இறந்துபோகும் காட்சி வந்தது. முன்பின் அறியாத பிள்ளைக்காக அழுகிற அந்த மனம்தான் கடவுள் என்று நல்லசிவமாக வரும் கமல் சொல்லும்போது, பெரியவர் துண்டின் முனையை எடுத்து முகம் முழுவதையும் மூடிக்கொண்டார். காட்சி மாறிய பிறகும் வெகுநேரம் அவர் அந்தத் துண்டை எடுக்கவில்லை. அவருக்குப் புரியாத எதுவும் அந்தப் படத்தில் இருந்ததாக நான் நம்பவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை படத்தைத் தூக்கிவிட்டார்கள். பேருந்து நிலையச் சுவரில் புதுப் படத்தின் சுவரொட்டியை அவசரமாக ஒட்டியிருந்ததால், அதன் ஓரத்தில் நல்லசிவத்தின் தடித்த மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கமும் தழும்பேறிய கன்னமும் மட்டும் வெளியே தெரிந்தன. அவை வெயிலில் வெளுத்துப் போகும்வரை அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகும்.

அந்தப் படத்தின் பெயரே திருமந்திரத்தில் இருந்து வந்தது. அன்பு சிவம் இரண்டு என்பர் அறிவிலார் என்று திருமூலர் பாடி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகிறது. படத்தின் கதையோ முழுக்க முழுக்க அந்த நேரத்துக்கு உரியது. பொருளாதாரத்தைத் திறந்துவிட்டுப் பத்தாண்டுகள் கடந்திருந்தன. கடன் அட்டையையும் விமான டிக்கெட்டையும் நம்பி வாழும் ஒரு விளம்பரப் பட இயக்குநரும், கூலி உயர்வுக்காகத் தெருவில் நாடகம் போட்ட ஒரு தொழிற்சங்கக்காரரும் மழையால் புவனேஸ்வரத்தில் சிக்கி, கிடைத்த வண்டியில் எல்லாம் ஏறி ஊர் திரும்புகிறார்கள். தழும்பும் பையும் கொண்ட ஒருவரைப் பார்த்ததும் தீவிரவாதி என்று ஐயம் கொள்ளும் மனநிலை, அந்த ஆண்டுகளின் செய்தித்தாள்களைப் படித்த எல்லோருக்கும் பழக்கமானது. படம் வந்த ஆறு மாதத்தில், 2003 ஜூலையில், வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் தமிழ்நாட்டில் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். உழைப்பவன் வாய் திறந்தால் என்ன ஆகும் என்பதைப் பேசிய படத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஆண்டு எது? அந்தப் படம் சரியான நேரத்தில்தான் வந்தது. நாம்தான் அப்போது வேறு வரிசையில் நின்றோம்.

பிறகு ஏன் ஓடவில்லை என்ற கேள்விக்கு என் மாமா சொன்ன பதிலை விடத் தெளிவான பதிலை இன்றுவரை நான் எங்கும் படிக்கவில்லை. ரீல் பெட்டியை மூடி அனுப்பத் தயாராகிக்கொண்டிருந்த மாமாவிடம், "ஏன் மாமா, அதுக்குள்ளயா?" என்று கேட்டேன். "படம் நல்ல படம்தான்டா. கணக்கு நிக்கல," என்றார். பெரிய நடிகரின் படம் என்பதால் விநியோகஸ்தர் பெரிய விலை கொடுத்து வாங்கியிருப்பார். திரையரங்கு உரிமையாளர் மினிமம் கியாரண்டி என்ற பெயரில் முன்பணம் கட்டியிருப்பார். அந்தப் பணம் முதல் வாரத்திலேயே பெரும்பகுதி திரும்பியாக வேண்டும். அதே பொங்கலுக்கு விக்ரம் நடித்த 'தூள்' அரங்கை நிறைத்துக்கொண்டிருந்தபோது, முப்பது பேருக்காக விளக்கெரித்துப் படம் ஓட்ட எந்த உரிமையாளரும் துணியமாட்டார்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் இன்னொன்று விளங்கும். 1980-இல் 'ஒரு தலை ராகம்' வந்தபோதும் முதலில் அரங்குகள் காலியாகத்தான் இருந்தன. 1999 டிசம்பரில் 'சேது' வந்தபோதும் அதே நிலைதான். நடித்தவர்கள் மீதும் எடுத்தவர்கள் மீதும் பெரிய பணம் பந்தயம் வைக்கப்படாததால், அந்தப் படங்களைச் சில வாரங்கள் விட்டுவைக்க முடிந்தது. பார்த்தவர் பக்கத்து வீட்டில் சொல்லி, அவர் அலுவலகத்தில் சொல்லி, வாய்ப்பேச்சு ஊரைச் சுற்றி வருவதற்குள் படம் அரங்கிலேயே இருந்தது. 'அன்பே சிவம்' போன்ற படங்களுக்கு அந்த வாரங்கள் வாய்க்கவில்லை. ஒரு சின்னப் படத்தின் பொறுமையோடு எடுக்கப்பட்டு, ஒரு பெரிய நடிகரின் விலைக்கு விற்கப்பட்ட படங்கள் அவை. நான் நேசிக்கும் தோல்விப் படங்களில் பெரும்பாலானவை இந்த இடுக்கில்தான் மாட்டிக்கொண்டன.

'குணா' இதற்கு மிகத் தெளிவான சான்று. 1991 தீபாவளியன்று 'தளபதி'யும் 'குணா'வும் ஒரே நாளில் வெளியாயின. இரண்டுக்கும் இசை இளையராஜா. 'தளபதி' கர்ணன் கதையை ரஜினிகாந்தின் தோளில் ஏற்றி, பண்டிகைக் கூட்டம் எதற்காக வருமோ அதை நிறைவாகக் கொடுத்தது. 'குணா'வின் நாயகன் மனநலம் குன்றியவன். அபிராமி என்று தானே கற்பனை செய்துகொண்ட ஒருத்தியைக் கடத்திச் சென்று மலைக்குகையில் வைத்து வழிபடுகிறான். புத்தாடை உடுத்தி, வெடி வெடித்துவிட்டு, குடும்பத்தோடு வந்தவர்களிடம் அந்தக் கதையைக் கொடுத்ததில் படத்தின் குற்றம் எதுவும் இல்லை. வந்தவர்களின் குற்றமும் இல்லை. கார்த்திகை மழையில் ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை அது வந்திருந்தால், யாரும் எதையும் எதிர்பார்க்காமல் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2024 பிப்ரவரியில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் தமிழ்நாட்டில் பெரும் கூட்டத்தோடு ஓடியது. 'குணா' எடுக்கப்பட்ட கொடைக்கானல் குகைக்கு இன்று குணா குகை என்று பெயர். அங்கே விழுந்த நண்பனை மீட்டு மேலே தூக்கும் கட்டத்தில் 'கண்மணி அன்போடு காதலன்' ஒலிக்கத் தொடங்கியதும் அரங்கு முழுவதும் கை தட்டியது. எனக்கும் கண் கலங்கியது. வாலி எழுதி, கமலும் எஸ். ஜானகியும் பாடிய அந்தப் பாட்டு எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்தது. 'குணா' பிறப்பதற்கு முன் பிறந்தவர்களும் பின் பிறந்தவர்களும் சேர்ந்து பாடினார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, வேறொரு படத்தின் டிக்கெட்டில், 'குணா'வுக்கு அந்தக் கைதட்டல் கிடைத்தது.

பண்டிகை நாள் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. 'நாயகன்' 1987 தீபாவளிக்கு 'மனிதன்' படத்தோடு வந்து வென்றது. ஆனால் 'நாயகன்' துயரமான படமாக இருந்தாலும், ஒரு மனிதன் எழுந்து நிற்பதைப் பார்க்கும் நிறைவை அது கூட்டத்துக்குக் கொடுத்தது. 'இருவர்' அதைக்கூடக் கொடுக்கவில்லை. 1997 பொங்கலை ஒட்டி வந்த அந்தப் படத்தில் மோகன்லாலும் பிரகாஷ்ராஜும் நமக்கு நன்கு தெரிந்த இரு தலைவர்களை நினைவூட்டியபடியே, நட்பு எப்படி மெல்ல மெல்ல மௌனமாகிறது என்பதைக் காட்டினார்கள். பிரகாஷ்ராஜுக்கும் ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவனுக்கும் தேசிய விருது கிடைத்தது. அரசியல் மோதலைப் பார்க்கலாம் என்று வந்தவர்களுக்கு ஒரு பிரிவின் வலியைக் காட்டியதுதான் அந்தப் படத்துக்கு நேர்ந்த சிக்கல் என்பது என் கருத்து.

என்னை மிக ஆழமாகப் பாதித்தது 'ஆயிரத்தில் ஒருவன்'. 2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவனின் படத்தைச் சொல்கிறேன். முதல் பாதி ஒரு சாகசப் பயணம்; கூட்டம் சிரித்துக்கொண்டே பார்த்தது. இரண்டாம் பாதியில், 1279-இல் பாண்டியருக்குத் தப்பிப் போன சோழர்களின் வழிவந்த மக்கள், பசியால் வற்றிய உடலோடு, தஞ்சையில் இருந்து ஒரு தூதுவன் வருவான், நம்மை ஊருக்கு அழைத்துப் போவான் என்று பல நூறு ஆண்டுகளாகக் காத்திருக்கிறார்கள். தஞ்சை மாவட்டத்துத் திரையரங்கில் உட்கார்ந்து அதைப் பார்த்த எனக்கு உடல் நடுங்கியது. தூதுவன் என்று வந்தவள் நஞ்சோடு வந்தவள். பின்னால் நவீன ஆயுதங்களோடு படை வருகிறது. அரசனின் கண்முன்னே பெண்கள் சிதைக்கப்படுகிறார்கள். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் நடந்ததன் படங்களைப் பார்த்து எட்டு மாதங்கள்கூட ஆகாத தமிழர்களுக்கு முன்னால் அந்தக் காட்சிகள் ஓடின. இதையும் காலத்தை முந்திய படம் என்று சிலர் எழுதுகிறார்கள். எந்தக் காலத்தை? அதைவிட அந்தக் காலத்துக்கு உரிய படம் ஒன்று தமிழில் இல்லை. கரும்பு கட்டி, பொங்கல் வைத்து, விடுமுறையைக் கழிக்க வந்த மனம் அதைத் தாங்கத் தயாராக இல்லை. நாடும் அதைப் பற்றிப் பேசத் தயாராக இல்லை.

இந்தப் படங்களில் குறையே இல்லை என்று நான் வாதாடமாட்டேன். 'அன்பே சிவம்' படத்தின் பின்கதைக் காதல் பகுதி நீளமானது. ரயிலும் மழையும் வரும் பகுதிகளின் அடர்த்தி அதில் இல்லை. 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில் சோழர்கள் பேசும் தமிழ் பல இடங்களில் காதில் சரியாக விழவில்லை. கதையின் முக்கியமான இணைப்புகள் அதனால் நழுவின. ஓடாத எல்லாப் படமும் காவியம் என்பதும் பொய்தான். ஓடாத படங்களில் பெரும்பாலானவை ஓடாமல் போக வேண்டியவையே. நான் சொல்வது விரல்விட்டு எண்ணக்கூடிய சில படங்களைப் பற்றி மட்டும்.

அந்தச் சில படங்களுக்கு யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 'அன்பே சிவம்' வந்த பிறகு தான் பட்ட பணக் கஷ்டத்தை இயக்குநர் சுந்தர் சி. பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2011-இல் வந்த 'ஆரண்ய காண்டம்' தணிக்கையில் நீண்ட காலம் போராடித் திரைக்கு வந்து, அறிமுக இயக்குநருக்கும் படத்தொகுப்புக்கும் தேசிய விருதுகளைப் பெற்றது. ஆனால் அரங்குகளில் நிற்கவில்லை. தியாகராஜன் குமாரராஜாவின் அடுத்த படமான 'சூப்பர் டீலக்ஸ்' 2019-இல்தான் வந்தது. இடையில் எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளில் அவர் எடுத்திருக்கக்கூடிய படங்களை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் இலவசமாகப் பார்த்துவிட்டு நாம் போடும் பாராட்டுப் பதிவில் ஒரு ரூபாய்கூட அந்தத் தயாரிப்பாளர்களுக்குப் போய்ச் சேரவில்லை. "காலத்தை முந்தியது" என்று சொல்லும்போது பழியை நாம் காலத்தின் மேல் போட்டுவிடுகிறோம். அந்த வெள்ளிக்கிழமை நூறு பேர் கூடுதலாகப் போயிருந்தால் எங்கள் ஊரில் அந்தப் பெட்டி இன்னொரு வாரம் இருந்திருக்கும்.

இன்று பெட்டியும் இல்லை, ரீலும் இல்லை. ஆயிரம் திரைகளில் ஒரே நாளில் படம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை இரவே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. 'சேது'வுக்குக் கிடைத்த அந்த வாரங்கள் இப்போது சின்னப் படங்களுக்கும் கிடைப்பதில்லை. நான்கு வாரத்தில் இணையத்தில் வந்துவிடும் என்று நாமும் காத்திருக்கிறோம். அதனால் சில ஆண்டுகளாக நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். நம்பிக்கை தரும் ஒரு படம் பெரிய விளம்பரம் இல்லாமல் வந்தால், விமர்சனம் எதையும் படிக்காமல் முதல் திங்கட்கிழமைக் காட்சிக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போகிறேன். பாதி நேரம் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது. அதற்காக வருந்தியதில்லை.

இதைப் படிப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்களுக்குப் பிடித்த தோல்விப் படம் எது என்று மட்டும் எழுத வேண்டாம். அதை எந்த ஊரில், எந்த அரங்கில், எந்தக் காட்சியில் பார்த்தீர்கள், அன்று உங்களோடு எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். அந்த முப்பது பேரில் ஒருவர் இதைப் படிக்கக்கூடும் என்ற ஆசை எனக்கு இருக்கிறது. துண்டால் முகத்தை மூடிக்கொண்ட அந்தப் பெரியவரின் பிள்ளைகள் யாராவது படித்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான்.