உலகமே பாவிக்குது என்பதற்காகப் பங்கு வாங்கலாமா?

கிளிநொச்சிப் பக்கம் பங்குக் கதை கதைக்கிற இளசுகள் கூடிவிட்டார்கள். நல்லதுதான். காணியும் நகையும்தான் சொத்து என்றிருந்த ஊர் இது. ஆனால் மென்பொருள் கொம்பனிப் பங்கு என்று வந்தால் பலரின் கணக்கு ஒரே வரியில் முடிகிறது: "அண்ணை, உலகமே இதைப் பாவிக்குது, விலை ஏறாமல் எங்க போகும்?"

காணொளிச் சந்திப்பு நடத்தும் சூமை எடுங்கள். கொரோனா நேரம் முத்தையன்கட்டுப் பிள்ளைகூட அதில்தான் படித்தது. 2019 ஏப்ரலில் 36 டொலருக்கு வெளியிட்ட பங்கு 2020 ஒக்டோபரில் 550 டொலரைத் தாண்டியது. 2022 முடியும்போது 70 டொலர்கூட இல்லை. இத்தனைக்கும் கொம்பனி நொடித்துப் போகவில்லை. 2021 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் வருமானம் சுமார் 265 கோடி டொலர், இரண்டு வருடம் கழித்து 439 கோடி. வியாபாரம் வளர்ந்துகொண்டே இருக்க, பங்கு விழுந்துகொண்டே இருந்தது. 550 கொடுத்தவன் இன்னும் நடக்காத பல வருட வளர்ச்சிக்கும் சேர்த்து முன்பணம் கட்டிவிட்டான், அவ்வளவுதான்.

சென்னையில் 2010இல் தொடங்கிய மென்பொருள் கொம்பனி பிரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டெம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியபோது இங்கேயும் ஆளாளுக்கு ஸ்டேட்டஸ் போட்டோம். வெளியீட்டு விலை 36 டொலர். அடுத்த வருடமே அதில் பாதிக்கும் கீழே போனது. தமிழ் ஆக்கள் தொடங்கியது என்பதற்காகச் சந்தை இரக்கம் பார்ப்பதில்லை. (இன்னொரு தமிழ்நாட்டு மென்பொருள் கொம்பனியான சோகோவின் பங்கு எங்கே வாங்கலாம் என்று இன்பொக்சில் கேட்பவர்களுக்கு: அது சந்தையில் இல்லை.)

அப்போ எதைப் பார்ப்பது? என்னைக் கேட்டால், வந்த வாடிக்கையாளர் நிற்கிறாரா என்பதைத்தான். பரந்தனில் ஒரு ஹாட்வெயார் கடை மாதச் சந்தாவுக்கு பில் போடும் மென்பொருள் எடுக்கிறது என்று வையுங்கள். ஆறு மாதத்தில் சீமெந்து இருப்பு, யார் யார் எவ்வளவு கடன், எந்தக் கொம்பனிக்கு எந்தத் திகதியில் செக் என்று எல்லாம் அதற்குள் போய்விடும். முதலாளி கட்டணம் கூடிவிட்டதென்று திட்டுவார், ஆனால் மாற்ற மாட்டார். வேறொன்றுக்கு மாறினால் ஒரு மாதம் கடையே தடுமாறும். மென்பொருள் கொம்பனியின் உண்மையான சொத்து அந்தத் தயக்கம்தான். மறுபக்கம், மாதம் நூற்றுக்கு ஐந்து பேர் கழன்றுபோனால் சின்ன எண் போலத் தெரியும். வருட முடிவில் அந்த நூறில் 54 பேர்தான் மிஞ்சுவார்கள். விட்டுப்போனவர்களின் இடத்தை நிரப்பவே விளம்பரக் காசு கரையும்.

ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு பங்கும் கொடுக்கும் வழக்கத்தையும் பாருங்கள். சம்பளத்தில் ஒரு பகுதி காசாகப் போகாததால், கொம்பனியின் கையில் காசு நிறைய வருவதுபோல நிதி அறிக்கை காட்டும், ஆனால் பங்குகளின் எண்ணிக்கை வருடாவருடம் கூடி, கொம்பனியில் உங்களுக்குள்ள வீதம் மெலியும்.

சரி, இங்கிருந்து வாங்குவது எப்படி? கொழும்பு பங்குச் சந்தைக்கு சிடிஎஸ் கணக்கை (வாங்கும் பங்குகள் உங்கள் பெயரில் பதிவாகும் கணக்கு) இப்போது கைத்தொலைபேசியிலேயே திறக்கலாம். அங்கே மென்பொருள் கொம்பனிகள் மிகக் குறைவு. மனிதவள மென்பொருள் செய்யும் எச்செனிட் பிஸ் 2021 கடைசியில் பங்கு வெளியிட்டது. வாங்கச் சொல்லவில்லை, அறிக்கையைத் திறந்து பழகச் சொல்கிறேன்.

அமெரிக்கப் பங்குக்கு அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இருப்பதால் நேர்வழி ஒடுக்கமானது. அந்த இடைவெளிக்குள்தான் டெலிகிராமில் பங்கு ஆப் லிங்க் அனுப்புகிறவர்கள் புகுந்து நிற்கிறார்கள். அதை நம்பி எங்கள் ஆக்கள் தாலிக்கொடியை அடைவு வைத்து, அந்தக் காசை யூஎஸ்டிடி என்ற கிரிப்டோ நாணயமாக்கி, முகம் தெரியாதவனின் வொலட்டுக்கு (டிஜிட்டல் பணப்பைக்கு) அனுப்புகிறார்கள். திரையில் மைக்ரோசொப்ட் என்று எழுதி, பக்கத்தில் பச்சை எண் ஏறிக்கொண்டிருக்கும். அடைவு வட்டி மட்டும் நிஜமாக ஏறும். அப்படி லிங்க் அனுப்புகிறவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பது: இந்தப் பங்கு யாருடைய பெயரில், எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? இதுவரை பதிலாக வந்தது ரெஃபரல் கோட்தான்.